17-ஆம் நூற்றாண்டு லண்டன் வணிகரின் குடும்பத்தைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய வணிகர்களை ஆராய்பவர்களும், சென்னைக் கோட்டையில் ஒரு கல்லறைக் கல்லைப் படித்துவிட்டு "இவர் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பவர்களும் கடைசியில் லண்டன் பங்குப் பதிவேடுகளுக்கும் உயில்களுக்கும்தான் வந்து சேர வேண்டும். பங்கு என்பது ஒரு கிறிஸ்தவக் கோவிலின் பொறுப்பில் உள்ள பகுதி. அங்கே நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்த ஏடே பங்குப் பதிவேடு. இவற்றில் வழி தவறும் இடங்கள் நிறைய. அவற்றை ஒட்டி எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எதில் தொடங்குவது, பதிவேட்டிலா உயிலிலா?

உயிலில். ஞானஸ்நானப் பதிவேட்டில் "ஜான், ஜான் ஸ்மித்தின் மகன்" என்று ஒரு வரி கிடைக்கும். எந்த ஜான் ஸ்மித் என்பதை அந்த வரி சொல்லாது. உயிலில் மனைவி, பிள்ளைகள், மருமகன், தங்கை பிள்ளைகள், வியாபாரக் கூட்டாளி, வேலைக்காரப் பெண் என்று வீடு முழுவதும் வந்து நிற்கும். சொந்த ஊர் ஏழைகளுக்கு இத்தனை பவுண்டு என்று ஒரு வரி இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். லண்டன் வணிகர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். பிறந்த ஊர் எது என்பதற்கு அந்த ஒரு வரிதான் பல சமயம் ஒரே தடயம்.

அவருடைய உயிலோடு நின்றுவிடக் கூடாது. அடுத்து விதவையின் உயில், பிறகு மாமனார், சகோதரர்கள், மணமாகாத சகோதரிகள் ஆகியோரின் உயில்கள். கணவன் உயிருடன் இருக்கும்போது அவன் சம்மதமில்லாமல் மனைவி உயில் எழுத முடியாது. ஆகவே பெண்கள் எழுதிய உயில்கள் பெரும்பாலும் விதவைகளுடையவை அல்லது மணமாகாதவர்களுடையவை. விவரம் அதிகம் இருப்பதும் இவற்றில்தான். ஆண் நிலத்தையும் ரொக்கத்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டு முடித்துவிடுவான். விதவை மோதிரம், வெள்ளிக் கோப்பை, படுக்கை விரிப்பு வரை பெயர் சொல்லிக் கொடுப்பாள். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அங்கேதான் அகப்படும்.

உயில் எந்த நீதிமன்றத்தில் இருக்கும்?

1858-க்கு முன்பு உயில்களை மெய்ப்பித்துக் கொடுத்தவை திருச்சபை நீதிமன்றங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) 5 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் உயில் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். லண்டனில் இந்த வரம்பு 10 பவுண்டு. வரவேண்டிய கடனும் சொத்துக் கணக்கில் சேரும் என்பதால் ஓரளவு பெரிய வணிகர் எல்லாருமே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். எனவே முதலில் பார்க்க வேண்டியது கான்டர்பரி பேராயரின் பிரரோகடிவ் கோர்ட். கடலிலோ வெளிநாட்டிலோ இறந்தவர்களின் உயில்களும் இங்கேதான் வரும். வடக்கே யார்க் பேராயருக்குத் தனி நீதிமன்றம் உண்டு. அதன் ஆவணங்கள் யார்க் நகரில் பார்த்விக் நிறுவனத்தில் உள்ளன. இரண்டு பேராயர்களின் எல்லையிலும் சொத்து இருந்தால் கான்டர்பரிக்கே முதலிடம்.

கான்டர்பரி உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், புரோப் 11 என்ற வரிசையில் 1384 முதல் 1858 வரை இருக்கின்றன. இவை நீதிமன்ற எழுத்தர் பேரேட்டில் எழுதிய நகல்கள். இறந்தவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள மூலம் வேண்டுமென்றால் புரோப் 10-இல் தேட வேண்டும். பெயர் எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருந்தால் மூலத்தைப் பார்ப்பது பயன் தரும். அவர் போட்ட கையெழுத்தை வேறொரு பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய புத்தகங்கள் புரோப் எண் கொடுக்காமல் "கிளார்க் 107" போலக் குறிப்பிடும். அந்தப் பேரேடுகளுக்கு அவற்றில் இடம்பெற்ற ஒருவரின் பெயரையே வைத்தார்கள். 1625-ஆம் ஆண்டுப் பேரேடு கிளார்க். பின்னால் வரும் எண் பக்க எண் அல்ல, எட்டுத் தாள் கொண்ட கட்டின் எண். அதைப் பக்க எண் என்று நினைத்துக்கொண்டு "உயில் காணவில்லை" என்று எழுதியவர்கள் உண்டு.

அங்கே இல்லையென்றால் கீழ்நிலைத் திருச்சபை நீதிமன்றங்களான லண்டன் கமிசரி கோர்ட், லண்டன் ஆர்ச்டீக்கன் கோர்ட், செயின்ட் பால் பேராலயத்தின் தனி நீதிமன்றம் என்ற வரிசையில் பாருங்கள். 1653 முதல் 1660 வரை மட்டும் வேலை எளிது: நாடு முழுவதற்கும் ஒரே நீதிமன்றம், அதன் உயில்களும் புரோப் 11-இலேயே உள்ளன. எக்ஸெட்டர் பக்கத்து வணிகராக இருந்து, உயில் உள்ளூர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கஷ்டம்தான். 1942 மே மாதக் குண்டுவீச்சில் அந்த உயில்கள் எரிந்துபோயின.

உயிலே எழுதாமல் இறந்திருந்தால்?

நெருங்கிய உறவினருக்குச் சொத்து நிர்வாக உரிமை கொடுத்திருப்பார்கள். கான்டர்பரி நீதிமன்றத்தில் இந்தப் பதிவுகள் புரோப் 6-இல் உள்ளன. இரண்டு மூன்று வரிதான், அதுவும் லத்தீனில். ஆனாலும் விதவையின் பெயரும் பங்கின் பெயரும் கிடைத்துவிடும். 1660-க்குப் பிந்தையவர் என்றால் சொத்துப் பட்டியலையும் தேடுங்கள். தோல் சுருள்கள் புரோப் 4-இலும் காகிதப் பட்டியல்கள் புரோப் 5-இலும் இருக்கின்றன. அதற்கு முந்தைய பட்டியல்கள் கான்டர்பரி நீதிமன்றத்தில் மிகச் சிலவே தப்பின.

இறந்தவர் லண்டன் நகரின் உரிமை பெற்ற குடிமகன் (நகருக்குள் தொழில் நடத்தும் உரிமை உள்ளவர்), 21 வயது நிறையாத பிள்ளைகள் இருந்தார்கள் என்றால் இன்னொரு வாசல் திறக்கிறது. அத்தகைய பிள்ளைகளின் சொத்துப் பங்கை நகராட்சியின் அநாதைகள் நீதிமன்றம் கண்காணித்தது. தாய் உயிருடன் இருந்தாலும் தந்தை இல்லாத பிள்ளை இங்கே அநாதைதான். அங்கே தாக்கலான பட்டியல்களில் அறை அறையாகச் சாமான்களும், கிடங்குச் சரக்கும், வரவேண்டிய கடன்களும் இருக்கும். வசூலாகும் கடன் வேறு, வசூலாகாது என்று கைவிட்ட கடன் வேறு என்று பிரித்தே எழுதியிருப்பார்கள். கடன்காரர் பட்டியலில் மைத்துனரும் மாமனாரும் அடிக்கடி தலைகாட்டுவார்கள்.

உயிலில் மூத்த மகன் பெயர் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. அவசரப்படுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். லண்டன் நகர வழக்கப்படி குடிமகனின் அசையும் சொத்து மூன்று பாகமாகும்: ஒன்று விதவைக்கு, ஒன்று பிள்ளைகளுக்குச் சமமாக, மூன்றாவது மட்டும் அவர் இஷ்டப்படி எழுதிவைக்க. மனைவி மட்டுமோ பிள்ளைகள் மட்டுமோ இருந்தால் பாதிப் பாதி. 1720-களின் நடுவில் சட்டம் மாறும் வரை இதுவே நடைமுறை. ஆகவே நமக்குக் கிடைக்கும் உயில் சில நேரம் அந்த மூன்றாவது பாகத்தைப் பற்றி மட்டுமே பேசும். வழக்கப்படி தானாகவே பங்கு கிடைக்கப்போகிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

தொழில் தொடங்கப் பணமோ, கல்யாணத்தின்போது சீரோ ஏற்கெனவே முழுப் பங்காகப் பெற்றுவிட்ட பிள்ளைக்கும் உயிலில் இடம் இருக்காது. இருந்தால் துக்க மோதிரம் வாங்கச் சில ஷில்லிங் இருக்கும். அது கோபமும் அல்ல, தள்ளிவைத்ததும் அல்ல. நிலமோ மூத்த மகனுக்கு உயில் இல்லாமலே போய்விடும்.

உயிலில் வரும் உறவுமுறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. நம் ஊரில் அத்தை மகன், சித்தப்பா மகன், மாமா மகள் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு. அந்தக் கால உயில்களில் "கசின்" என்ற சொல்லுக்குள் அத்தனை பேரும் அடக்கம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளையும், சில நேரம் பேரனையும்கூட அப்படியே எழுதினார்கள். "பிரதர்" என்பது உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், மனைவியின் சகோதரராகவும் இருக்கலாம், தங்கை கணவராகவும் இருக்கலாம். "சன் இன் லா" பல இடங்களில் மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகன்.

"என் இப்போதைய மனைவி" என்று எழுதியிருந்தால் முன்பு ஒருத்தி இருந்தாள் என்று முடிவு கட்ட வேண்டாம். அது வக்கீல்களின் பாதுகாப்பு வாசகம். பதிவேட்டில் "மூத்தவர்", "இளையவர்" என்று இருந்தாலும் தந்தை மகன் என்று அர்த்தமில்லை. ஒரே பங்கில் வாழும் ஒரே பெயர்க்காரர் இருவரில் வயதில் பெரியவர், சிறியவர், அவ்வளவுதான்.

பங்குப் பதிவேடுகள் எப்போதிலிருந்து இருக்கின்றன?

1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டதிலிருந்து. 1598-இல் பழைய காகிதப் பதிவுகளைத் தோல் தாளில் படியெடுக்கச் சொன்னபோது எலிசபெத் அரசியான 1558-இலிருந்து எழுதினால் போதும் என்று இடம் கொடுத்ததால் பல பங்குகளில் அதற்கு முந்தைய 20 ஆண்டுகள் காணாமல் போயின. நீங்கள் பார்க்கும் 16-ஆம் நூற்றாண்டுப் பக்கம் ஒரே கையெழுத்தில் சுத்தமாக இருந்தால் அது நகல். நகலெடுத்தவர் விட்ட பிழையும் அதில் சேர்ந்தே இருக்கும்.

பங்கின் பெயரைப் பாதியாக எழுதிக்கொள்ளாதீர்கள். லண்டனில் செயின்ட் ஓலவ் என்றால் ஹார்ட் தெருவிலா, ஜூரியிலா, சில்வர் தெருவிலா, ஆற்றுக்குத் தெற்கே சதக்கிலா? நான்கும் வெவ்வேறு பங்குகள்.

ஞானஸ்நானத் தேதி கல்யாணத் தேதிக்கு முன்னால் வருகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் தவறு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 1751 வரை புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1648 ஏப்ரல் 20-இல் கல்யாணம், "1648 பிப்ரவரி 10"-இல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் இரண்டாவது தேதி நம் கணக்கில் 1649. ஏறக்குறைய பத்து மாதம், கணக்கு சரி. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1648/9 என்று இரட்டையாகவே குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட அட்டவணைகளில் சில இதைத் திருத்தியிருக்கும், சில திருத்தியிருக்காது. முன்னுரையைப் படிக்காமல் நம்பக் கூடாது.

"8பெர்" என்று எழுதியிருந்தால் ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் "முதல் மாதம்" மார்ச். ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ லிவோர்னோவிலிருந்தோ எழுதிய கடிதத் தேதி லண்டன் தேதியை விடப் பத்து நாள் முன்னே போகும். அரசரின் ஆட்சியாண்டு கொடுத்திருந்தால் இரண்டாம் சார்ல்ஸ் விஷயத்தில் கவனம் வேண்டும்: அவர் அரியணை ஏறியது 1660 என்றாலும், தந்தை கொல்லப்பட்ட 1649 ஜனவரி 30-இலிருந்தே ஆண்டை எண்ணினார்கள். அவரது 24-ஆம் ஆண்டு 1672 ஜனவரியில் தொடங்கும்.

1640-களிலும் 1650-களிலும் ஒன்றுமே கிடைக்கவில்லையே?

உள்நாட்டுப் போர். போதகர்கள் விரட்டப்பட்டார்கள், பல இடங்களில் எழுத ஆளில்லை. 1653 செப்டம்பர் முதல் பதிவேடு பங்குமக்கள் தேர்ந்தெடுத்த ஒரு பதிவாளரிடம் போனது. அவர் குறித்தது ஞானஸ்நானத்தை அல்ல, பிறந்த நாளை. கல்யாணம் நீதிபதி முன்னால் நடந்தது. மூன்று முறை ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதைக் கோவிலிலோ சந்தை கூடும் இடத்திலோ செய்யலாம். 1660-க்குப் பிறகு, விட்டுப்போன பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நாளில் ஞானஸ்நானம் கொடுத்த குடும்பங்களும் உண்டு. ஒரே தேதியில் மூன்று பேர் என்றால் மூவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் அல்ல.

1666 பெருந்தீயில் எல்லாம் எரிந்துவிட்டதா?

கோவில்கள் எரிந்தன, 87 பங்குக் கோவில்கள். பதிவேடுகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு பல பங்குகளை இரண்டிரண்டாக இணைத்து ஒரே கோவில் கட்டினாலும் பதிவேடுகளைத் தனித்தனியாகவே தொடர்ந்தார்கள். ஆகவே இணைந்த இரு பங்குகளின் ஏடுகளையும் பார்க்க வேண்டும். உண்மையான இழப்பு வேறு இடத்தில் நேர்ந்தது. நகர உரிமைப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1786-இல் நகர நிதி அதிகாரியான சேம்பர்லினின் அலுவலகத்தில் பிடித்த தீயில் போயிற்று. 1681-க்கு முந்தைய நகர உரிமைக்கு லிவரி கம்பெனிகளின் (தொழில்வாரியான வணிகர் சங்கங்கள்) சொந்த ஏடுகளையே நம்ப வேண்டும்.

லிவரி கம்பெனி ஏடுகளில் என்ன கிடைக்கும்?

பெற்றோரைக் கண்டுபிடிக்க இதை விட நல்ல ஆவணம் இல்லை. பையன் அப்ரண்டிஸாகச் சேரும்போது தந்தையின் பெயர், ஊர், மாவட்டம், தொழில், உயிருடன் இருக்கிறாரா என்பது வரை எழுதுவார்கள். குறைந்தது ஏழு ஆண்டுப் பயிற்சி. அது முடிந்தபின் குடிமகன் உரிமை. சேர்ந்த ஆண்டிலிருந்து 14 முதல் 18 ஆண்டு வரை பின்னோக்கிப் போய் அந்த ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுங்கள். தந்தை வழியில் உரிமை பெற்றவர் என்றால் தந்தையும் அதே கம்பெனி உறுப்பினர். இது மகனும் தந்தையும் யார் என்பதற்கு நேரடிச் சான்று.

கம்பெனியின் பெயரைத் தொழிலாக நினைத்துவிடாதீர்கள். "மீன் வியாபாரிகள் கம்பெனி" உறுப்பினர் வாழ்நாளில் மீன் விற்காமல் பட்டு இறக்குமதி செய்திருக்கலாம்.

திருமணப் பதிவு எங்கேயும் இல்லை. எங்கே தேடுவது?

பணமுள்ளவர்கள் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கக் காத்திருக்கவில்லை, லைசென்ஸ் வாங்கினார்கள். மணமகன் கொடுத்த சத்திய வாக்குமூலத்தில் இருவரின் வயது, பங்கு, பெண்ணின் பெற்றோர் சம்மதம் இருக்கும். பேராயரின் விகார் ஜெனரல், ஃபாகல்டி அலுவலகம் ஆகிய இரண்டின் ஆவணங்கள் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் உள்ளன. லண்டன் பிஷப்புடையவை லண்டன் ஆவணக் காப்பகத்தில் (தி லண்டன் ஆர்க்கைவ்ஸ்) உள்ளன. "21 வயதுக்கு மேல்" என்றால் 21-ஆகவும் இருக்கலாம், 45-ஆகவும் இருக்கலாம். லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதால் கல்யாணம் நடந்தது என்றும் ஆகாது.

அதுவும் இல்லையென்றால் கேள்வி கேட்காமல் கல்யாணம் செய்துவைத்த கோவில்களைப் பாருங்கள். டியூக்ஸ் பிளேஸ் செயின்ட் ஜேம்ஸ், மைனரீஸ் ஹோலி டிரினிட்டி இரண்டும் பேர்போனவை. மற்றபடி மணமகளின் பங்கில் தேடுங்கள். முதல் பிள்ளையின் ஞானஸ்நானமும் பலமுறை தாய்வீட்டுப் பங்கில்தான்.

பங்கிலேயே வாழ்ந்திருக்கிறார், பிள்ளைகளின் ஞானஸ்நானம் மட்டும் இல்லை. ஏன்?

திருச்சபையோடு ஒத்துப்போகாத பிரிவினராக இருக்கலாம். ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டிஃபோவின் தந்தை ஜேம்ஸ் ஃபோ, மெழுகுவத்தி வியாபாரி. செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் பதிவேட்டில் அவருடைய மகள்கள் மேரி (1657), எலிசபெத் (1659) இருவருக்கும் பிறந்த நாள் இருக்கிறது, ஞானஸ்நானம் இல்லை என்ற குறிப்போடு. டேனியலுக்கு அதுவும் இல்லை. குவேக்கர், ஹூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்ட்), டச்சு சபைகளுக்குத் தனி ஏடுகள் உண்டு.

ஒரே பெயரில் இருவர். நமக்கு வேண்டியவர் யார்?

பெயரும் காலமும் பொருந்துவது ஒரு பொருத்தமே அல்ல. பெயரைத் தவிர இரண்டு கட்டுகளாவது வேண்டும்: மனைவியின் பெயர், தொழில், தெரு, கம்பெனி, கூட்டாளி, சாட்சி, இவற்றில் ஏதாவது இரண்டு. பிறகு மற்றவரை "கொல்ல" வேண்டும். அதாவது அவருடைய அடக்கப் பதிவையும் உயிலையும் தேடி, அவர் நம்மவர் இல்லை என்று காட்ட வேண்டும். ஒரு குழந்தை இறந்தால் அடுத்த பிள்ளைக்கும் அதே பெயரை வைத்த காலம் என்பதால் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் எதிரே அடக்கப் பதிவைப் பார்த்தே தீர வேண்டும். 1665 கொள்ளைநோய் ஆண்டில் இதைச் செய்யாமல் விட்டால் செத்தவருக்குப் பேரன் பேத்தி எடுத்துவிடுவோம்.

தெருவும் வீடும் உறுதிசெய்ய 1638 வீட்டுக்காரர் பட்டியல், அடுப்பு வரி, 1677-இல் அச்சான லண்டன் வணிகர் பெயர்ப் பட்டியல், 1695 திருமண வரிப் பட்டியல் ஆகியவை உதவும். கடைசியில் சொன்னது வேலைக்காரர்கள் வரை வீட்டில் இருந்த அனைவரையும் எழுதியது. 600 பவுண்டு சொத்துள்ளவர் கூடுதல் வரி கட்டினார் என்பதால் வசதியும் தெரியும். வழக்குச் சாட்சியங்களையும் விடாதீர்கள். கடல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி நீதிமன்றத்தின் எச்சிஏ 13 வரிசையில் சாட்சி சொன்ன வணிகர்கள் வயதையும் வசிக்கும் பங்கையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்கள்.

இதையெல்லாம் சேர்த்து வெற்றி கண்ட உதாரணம் உண்டா?

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டின் பூர்வீகம் 1880-கள் வரை தெரியாது. ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கர் லண்டன் உயில்களை வரிசையாகப் படித்து அதைக் கண்டுபிடித்தார். திறவுகோல் தாயின் உயில். அது ஹார்வர்ட் என்ற பெயரிலேயே இல்லை. சதக் இறைச்சி வியாபாரி ராபர்ட் ஹார்வர்ட் 1625 கொள்ளைநோயில் இறந்தபின் விதவை கேதரீன் இரண்டு முறை மறுமணம் செய்து, 1635-இல் கேதரீன் யியர்வுட்டாக இறந்தார். அந்த உயிலில் மூத்த மகன் ஜான் ஹார்வர்ட் வருகிறார். பிறகே பதிவேடுகள் பொருள்பட்டன: 1607 நவம்பர் 29-இல் செயின்ட் சேவியர் பங்கில் "ஹார்வி" என்ற எழுத்துக்கூட்டலில் ஞானஸ்நானம், 1605 ஏப்ரல் 8-இல் ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன் ஊரில் "ஹார்வுட்" என்ற எழுத்துக்கூட்டலில் பெற்றோர் கல்யாணம். பதிவேட்டில் தொடங்கியிருந்தால் இந்த இரண்டு வரிகளையும் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் இறந்த கம்பெனி வணிகரை எப்படித் தேடுவது?

கோட்டை செயின்ட் மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28-இல் திறக்கப்பட்டது. பதிவேடும் அந்த ஆண்டே தொடங்குகிறது. முதல் திருமணம் நவம்பர் 4-இல், பின்னாளில் சென்னை கவர்னரான எலிஹு யேலுக்கும் ஜோசப் ஹின்மர்ஸின் விதவை கேதரீனுக்கும். கல்கத்தாவை நிறுவியவராக அறியப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களும் 1689-இல் ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். லண்டனுக்கு அனுப்பிய நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் உள்ளன.

ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கற்களை வைத்து "இங்கே புதைக்கப்பட்டார்" என்று எழுதாதீர்கள். பின்னாளில் சட்டக் கல்லூரி செயல்பட்ட இடத்தில் இருந்த பழைய இடுகாட்டின் கற்கள் அவை. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்தியதால், பிறகு கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள்.

உயில் லண்டனில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கும். கப்பல் போய்ச் சேரவே அரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் இறந்த ஆண்டிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகள் தள்ளியும் பாருங்கள். சென்னை மேயர் கோர்ட்டுக்கு உயில் அதிகாரம் வந்தது 1726 சாசனத்தில்தான். வேலைக்குச் சேரும்போது அவருக்கு ஜாமீன் நின்றவர்களின் பெயர் கம்பெனி கோர்ட் (நிர்வாகக் குழு) நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கும். பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ அண்ணனோ. ரைட்டர்கள் (கம்பெனியின் இளநிலை எழுத்தர்கள்) ஞானஸ்நானச் சான்றோடு கொடுத்த மனுக்கள் 1749-இலிருந்தே உள்ளன. 17-ஆம் நூற்றாண்டுக்கு அவற்றில் தேடுவது வீண்.

கையெழுத்து படிக்கவே முடியவில்லை.

செக்ரட்டரி என்ற எழுத்துமுறை அது. உயிலின் தொடக்கம் பெரும்பாலும் "கடவுளின் பெயரால் ஆமென்" என்ற வாசகம். உங்களுக்குத் தெரிந்த அந்த வரியிலிருந்து ஒவ்வோர் எழுத்தையும் தனித்தாளில் வரைந்துகொண்டு, அதை வைத்து மற்ற வரிகளைப் படியுங்கள். அவர்களின் "சி" நம் கண்ணுக்கு "ஆர்" போலத் தெரியும், "இ" தலைகீழாக இருக்கும், "எச்" கோட்டுக்குக் கீழே வால் விடும். தொகைகள் ரோம எண்ணில்: நான்குக்கு மேலே சிறிதாக இருபது எழுதியிருந்தால் 80. உயிலுக்கு அடியில் உள்ள லத்தீன் பகுதியைத் தவிர்த்துவிடாதீர்கள். மெய்ப்பித்த தேதியும், யார் முன்வந்தார், யார் வரவில்லை என்பதும் அங்கேதான் இருக்கிறது. மனைவியை நிறைவேற்றுநராக நியமித்திருந்தும் மகன் வந்து மெய்ப்பித்தால், அதற்குள் அவள் இறந்தாளா என்று அடக்கப் பதிவைப் பாருங்கள்.

குடும்பச் சின்னங்களைப் பதிவுசெய்த ஹெரால்டு அதிகாரிகள் வரைந்த வம்சாவளியை நம்பலாமா?

லண்டனில் 1633–35, 1664, 1687 விசாரணைகளில் குடும்பச் சின்னம் கோரிய வணிகர்கள் தாங்களே சொன்னது அது. சொன்னவரும் அவர் பிள்ளைகளும் வரை பெரும்பாலும் சரி. தாத்தாவுக்கு மேலே போகும்போது ஒவ்வொருவருக்கும் உயிலோ பதிவேடோ கேளுங்கள், குறிப்பாக ஏதோ ஒரு சீமானின் இளைய மகனில் போய் முடிந்தால்.